அரசு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் உதவப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு வாரத்தில் ஓரிரு மணி நேரம் போய் ஏதாவது செய்யலாமே என்று பலருக்கும் தோன்றும். ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பகலில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும் அம்மாக்கள், கல்லூரி முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்கள் என்று இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்டவர்கள் எல்லா வகையிலும் உண்டு. தமிழ்நாட்டின் அரசு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளை, அதாவது ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளை, மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பள்ளியில்தான் ஆசிரியர்கள் இருக்கிறார்களே, நான் போய் என்ன செய்ய?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை என்றால் 3 பேர். கிராமத்துப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகளாக இருப்பது இதனால்தான். ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துக்கொள்வார். மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்ப்பார். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். எமிஸ் (கல்வித் துறையின் இணையதளம்) பதிவு, பயிற்சிக் கூட்டம், கேட்கிற புள்ளிவிவரம் எல்லாம் அவர் தலையில்.

இப்போது முப்பது குழந்தைகள் இருக்கும் ஓர் அறையில் ஒவ்வொரு குழந்தையும் ஐந்து நிமிடம் வாய்விட்டு வாசிக்க, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றால் இரண்டரை மணி நேரம் வேண்டும். தினமும் அது நடக்காது. ஒரு வாரத்தில் நடந்தாலே பெரிது. பாடம் நடத்துவது ஆசிரியரின் வேலை, அதை அவர் செய்துவிடுவார். ஒரு குழந்தை தனியாக வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் போவது அந்த ஐந்து நிமிடத்துக்காக. மற்றதெல்லாம் அப்புறம்.

யாரிடம் போய்க் கேட்க வேண்டும்?

தலைமை ஆசிரியரிடம். பள்ளி தொடங்கும் பரபரப்பிலோ, திங்கட்கிழமை காலையிலோ போய் நிற்காதீர்கள். மாலையில் பிள்ளைகள் கிளம்பிய பிறகு போனால் உட்கார்ந்து பேசுவார்கள். போகும்போது, "வாரத்துல ஒரு நாள், காலைல ஒரு மணி நேரம் வர்றேன் டீச்சர். நீங்க சொல்ற நாலு பிள்ளைங்க வாசிக்கிறதைக் கேக்குறேன்" என்று இவ்வளவு குறுகலாகக் கேளுங்கள். "பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியாது. பெயின்ட் டப்பா வாங்கித் தரச் சொல்வார்.

உங்கள் பிள்ளை அங்கே படித்தால் வழி இன்னும் சுலபம். சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, தீர்மானமாக எழுதிவிட்டால் தலைமை ஆசிரியருக்கும் பாதுகாப்பு. சில இடங்களில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். ஆதார் நகல் கேட்பார்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். முகம் சுளிக்க வேண்டாம். யாரென்று தெரியாதவரைக் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் விடாத பள்ளிதான் நல்ல பள்ளி.

இது இல்லம் தேடிக் கல்வி மாதிரியா?

இல்லை. 2021 அக்டோபரில், கொரோனாவுக்குப் பின் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் பள்ளி நேரத்துக்கு வெளியே தங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குச் சிறு ஊக்கத்தொகை இருந்தது. இங்கே சொல்வது பகலில், வகுப்பறைக்குள், ஆசிரியர் இருக்கும்போதே செய்யும் உதவி. காசு எதுவும் கிடையாது. ஆனால் அந்தத் திட்டத்தில் இருந்த அக்காக்கள் வகுப்பறைக்கு வந்தால் அசத்துவார்கள். பிள்ளைகளை ஏற்கெனவே தெரியும், வீட்டையும் தெரியும்.

பி.எட்., டி.டி.எட். எல்லாம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தமிழ் தடையில்லாமல் வாசிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்டம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அது இல்லை, ஆகவே நீங்கள் ஆசிரியருக்குப் பதிலாள் இல்லை. "இன்னைக்கு ட்ரெய்னிங் இருக்கு, நீங்க கொஞ்சம் கிளாஸைப் பாத்துக்கங்க" என்று ஒருநாள் கண்டிப்பாகக் கேட்பார்கள். பாவம், அவர்களுக்கும் வேறு வழி இருக்காது. "பக்கத்து வகுப்பு டீச்சர் இருந்தா நானும் கூட இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். தனியாக ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தை விழுந்து மண்டையில் அடிபட்டால் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று யோசித்தால் ஏன் என்று புரியும்.

எந்த நேரம் சரி?

காலை, இன்டர்வெல்லுக்கு முன். மத்தியானம் சாப்பிட்ட பிறகு சின்னப் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும், உங்களுக்கும் சொக்கும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து செவ்வாய்க்கிழமை வந்தால் நாலாவது செவ்வாய் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். ஒரு வாரம் தினமும் போய்விட்டு ஒரு மாதம் காணாமல் போகிறவரால் பள்ளிக்கு எந்தப் பயனும் இல்லை, தொந்தரவுதான். வர முடியாவிட்டால் முந்தின நாளே டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்யாதீர்கள். பின்னால் உட்கார்ந்து பாருங்கள். தரையில் உட்காருவது உத்தமம், நாற்காலியில் இருந்தால் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

அறையில் என்ன நடக்கிறது என்பது உங்கள் காலத்துப் பள்ளியை மட்டும் தெரிந்திருந்தால் புரியாது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் வந்தன. குழந்தைகளை வகுப்பு எண்ணைப் பார்க்காமல் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பார்கள். எழுத்தே பழகிக்கொண்டிருப்பவர்கள் அரும்பு. அந்த வகுப்புக்குரியதைச் செய்கிறவர்கள் மலர். மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை அரும்பில் இருக்கலாம். டீச்சர் ஒரு பக்கம் பாட்டும் கதையும் நடத்துவார், இன்னொரு பக்கம் பயிற்சி நூலில் எழுதிக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சந்தை இரைச்சல். உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கும், அது பிடிபட இரண்டு மூன்று முறை போக வேண்டும்.

ஒரு குழந்தையை "நீ அரும்பா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது ஆசிரியரின் வசதிக்கான பிரிவு. பூப்பெயர் வைத்தாலும் எது கீழே எது மேலே என்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடுகிறது.

வாசிப்பதைக் கேட்பது என்றால் எப்படி?

பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அந்தப் பாடத்தை எல்லோரும் கோரஸாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகியிருக்கும். விரல் முதல் வரியில் இருக்கும், வாய் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும். சந்தேகமாக இருந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். குழந்தை வரியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடி சொல்லிக்கொண்டே வந்து அந்தச் சொல்லை அடைந்தால், அது வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறது.

பள்ளியில் சின்னக் கதைப் புத்தகங்கள் இருக்கும். பல இடங்களில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், சில இடங்களில் அழுக்காகிவிடும் என்று பீரோவுக்குள் இருக்கும். பீரோ என்றால் சாவி கேளுங்கள். புத்தகத்தைக் குழந்தையே எடுக்கட்டும். ஒரு பக்கத்தில் நாலைந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் வேண்டாம். இருவர் கண்ணும் ஒரே பக்கத்தைப் பார்க்க வேண்டும். தடுக்கும்போது உடனே சொல்லிக்கொடுக்க நாக்கு துடிக்கும். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பாதிச் சொற்கள் அந்த ஐந்துக்குள் தானாக வந்துவிடும். வராவிட்டால் முதல் பகுதியை மட்டும் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திப் பாடம் நடத்தினால் கதை செத்துப்போகும்.

புத்தகத்தில் "வந்தார்கள்" என்று இருக்கும், குழந்தை "வந்தாங்க" என்று வாசிக்கும். இதைத் தப்பு என்று நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்மொழியில் சொல்கிறது என்றால் அந்தக் குழந்தை வாசித்துவிட்டது. அச்சில் உள்ளபடி சொல்வது பின்னால் வரும். "வ-ந்-தா-ர்-க-ள்" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரியாகச் சொல்லிவிட்டு, யார் வந்தார்கள் என்று கேட்டால் விழிக்கிற குழந்தைக்குத்தான் உங்கள் உதவி அதிகம் தேவை.

முடித்ததும் பயிற்சிக் கேள்வி மாதிரி எதையும் கேட்காதீர்கள். "அப்புறம் அந்த நரி எங்க போயிருக்கும்?" என்று பேச்சுக் கொடுத்தால் போதும்.

மூன்றாம் வகுப்பு, இன்னும் எழுத்தே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

டீச்சரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், அவர் ஒரு வரிசையில் போய்க்கொண்டிருப்பார். பொதுவாகச் சொல்வதென்றால், 247 எழுத்துகளையும் அட்டவணையாகத் தொங்கவிட்டு அ முதல் ஒப்பிக்கச் சொல்வது வேண்டாம். ஒப்பிக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது என்ற நிலையில்தான் பெரும்பாலான பிள்ளைகள் நிற்கிறார்கள். எழுதச் சுலபமான ப, ட, ம மூன்றையும் எடுத்து, புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்தால் படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே சொற்கள் கிடைத்துவிடும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம். முதல் நாளே ஒரு சொல்லைத் தானாக வாசித்த குழந்தை அடுத்த வாரம் உங்களைத் தேடும்.

பெரியவர்களான நமக்கு மறந்துபோன சில கஷ்டங்கள் தமிழ் எழுத்தில் உண்டு. கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கெ'யில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் முதலில் க்-ஐச் சொல்ல வேண்டும். 'கொ'வில் முன்னால் கொம்பும் பின்னால் காலும். 'கௌ'வில் வரும் குறியும் 'ள'வும் ஒரே மாதிரி. உகர வரிசையோ ஒழுங்கே கிடையாது: கு, சு, டு, மு, நு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு என்று போங்கள்.

இன்னொன்று, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு ஒலி. பாம்பு என்ற சொல்லில் முதலில் வரும் ப-வும் கடைசியில் வரும் பு-வும் வாயில் ஒன்றா? தங்கம் என்பதை "த, இங், க, இம்" என்று எழுத்துக்கூட்டும் குழந்தைக்குத் தங்கம் என்ற சொல் காதிலேயே விழாது. புள்ளி எழுத்தை முந்தின எழுத்தோடு சேர்த்துத் துண்டாக வாசிக்கச் செய்யுங்கள்: தங்-கம், பாம்-பு, வண்-டி. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் வேகம் தானாக ஏறும்.

சில குழந்தைகள் எழுத்துத் தெரியாமல் இல்லை, கரும்பலகை தெரியாமல் இருப்பார்கள். கண்ணை இடுக்குவது, புத்தகத்தை மூக்கில் ஒட்டவைப்பது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவது இதெல்லாம் கவனித்தால் டீச்சரிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது காட்டுவார்கள். வேறு வகைச் சிரமம் இருந்தால் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் பார்ப்பார். "இவனுக்கு ஏதோ குறை" என்று நீங்களே முடிவுகட்டி அம்மாவிடம் போய்ச் சொல்லக் கூடாது.

எழுத்துப் பிழைகளைத் திருத்தலாமா?

பென்சிலில், ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ. சிவப்பு மை டீச்சருடையது, அதைத் தொடாதீர்கள். சொந்தமாக நாலு வரி எழுதிய குழந்தையின் நோட்டில் பதினைந்து வட்டம் போட்டால் அடுத்த முறை இரண்டு வரிதான் எழுதும்.

ண, ன குழப்பத்துக்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் எத்தனை பேர் வித்தியாசமாக உச்சரிக்கிறோம்? காதில் கேட்காததைக் கையில் எப்படி எழுதும்? ஆனால் கொஞ்சம் வழி இருக்கிறது. ட-வுக்கு முன்னால் வந்தால் மூன்று சுழி: வண்டி, நண்டு. ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி: கன்று, மூன்று. த-வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் துப்பறிவது போல ரசித்துத் தேடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் இந்தப் பேச்சே வேண்டாம்.

இடது கையால் எழுதினால் விட்டுவிடுங்கள். ஓரமாக உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது, அவ்வளவுதான்.

கணக்குக்கு என்ன செய்யலாம்?

தப்பான விடையைப் பார்த்தால் சரியானதைச் சொல்வதற்கு முன் "இதை எப்படிப் போட்ட?" என்று கேளுங்கள். விடையைவிட அந்தப் பதில் முக்கியம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. கவனக்குறைவு இல்லை. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு சொன்னதை அப்படியே பின்பற்றியிருக்கிறது. கடன் வாங்கும் முறையை மறுபடி பலகையில் போட்டுக் காட்டினால் ஏறாது. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். நாலு கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து பதினேழை எடு என்று சொன்னால் குழந்தை தானே ஒரு கட்டைப் பிரிக்கும். பிரித்த கை மறக்காது. பள்ளியில் ஆணிமணிச் சட்டம் (அபாகஸ்) இருக்கும், அதுவும் நல்லதுதான், ஆனால் முதலில் குச்சி.

"நூற்று ஐந்து" என்று சொன்னால் 1005 என்று எழுதுவார்கள்: நூறை எழுதி, ஐந்தை எழுதிவிட்டார்கள். தொண்ணூறு என்ற பெயருக்குள் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் கேட்கிறது. குழந்தை தடுமாறாமல் என்ன செய்யும்? இந்த இரண்டு எண்களையும் மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்ச நாள் விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கடைக்குப் போய் இருபது ரூபாய் கொடுத்து, பதின்மூன்று ரூபாய்க்கு வாங்கி, மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிவரும் குழந்தை, 20 - 13 என்று நோட்டில் எழுதினால் திணறும். அறைக்குள் ஒரு பெட்டிக் கடை வையுங்கள். புளியங்கொட்டைதான் சரக்கு, கிழித்த காகிதம்தான் ரூபாய்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள்...

கேட்பார்கள். தமிழ் வாசிப்பு ஓடத் தொடங்கிய குழந்தைகளோடு ஆங்கிலத்தில் பாட்டு, விளையாட்டு, பேச்சு என்று செய்யலாம். தமிழே தடுமாறும் குழந்தைக்கு அதே ஒரு மணி நேரத்தில் இரண்டையும் திணித்தால் இரண்டும் நிற்காது. முடிவு டீச்சருடையது.

வீட்டில் தமிழ் பேசாத குழந்தைகள் இருந்தால்?

ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும், திருத்தணிப் பக்கம் தெலுங்கும் வீட்டு மொழியாக இருப்பது பழைய விஷயம். திருப்பூரிலும் சென்னையைச் சுற்றியும் இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் சில மாதங்கள் வாயே திறக்க மாட்டார்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கதையைப் படம் காட்டிச் சொல்லுங்கள், "எடு", "கொடு", "ஓடு" என்று கையால் செய்யக்கூடிய வேலைகளைக் கொடுங்கள், பேச்சு ஓயாத ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த வாயாடி செய்வதை நாம் செய்ய முடியாது. குழந்தையின் மொழியில் தண்ணீருக்கும் அம்மாவுக்கும் என்ன சொல் என்று கேட்டு வகுப்பு முழுவதும் சொல்லிப் பார்த்தால் அதன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அடங்கவில்லை என்றால் திட்டலாமா, லேசாக ஒரு தட்டு தட்டலாமா?

கூடாது. லேசாகவும் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்கிறது. காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது, "உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு" என்பது எல்லாம் அதில் அடங்கும். பெற்றோரே வந்து "நல்லா ரெண்டு போடுங்க, நான் கேக்க மாட்டேன்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

நாலு பேர் மட்டும் உங்களோடு இருந்தால் பெரும்பாலும் அடங்காமை வராது. வந்தால் குரலை ஏற்றாமல் இறக்கிப் பாருங்கள். எழுந்து ஓடுகிற பையனிடம் சிலேட்டுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். அதையும் மீறினால் டீச்சரிடம் விட்டுவிடுங்கள், அது உங்கள் அதிகாரத்தில் இல்லை.

பிள்ளைகளிடம் என்ன கேட்கக் கூடாது?

"எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள். கேட்கிறவர் எதை மனத்தில் வைத்துக் கேட்டாலும், நம் ஊர்களில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். "அப்பா என்ன வேலை?" என்பதும் அப்படித்தான். அதோடு, அப்பா இல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். பெயரை மட்டும் கேளுங்கள், பிடித்த விளையாட்டைக் கேளுங்கள். உட்கார வைக்கும்போது யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறார்கள் என்று கண்ணில் பட்டால், பேசாமல் அவர்கள் இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுங்கள். தயக்கம் தொடர்ந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள்.

ஒரு குழந்தை வீட்டில் நடக்கும் மோசமான விஷயத்தைச் சொன்னால்?

நடக்கக்கூடியதுதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆளிடம் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்யாதீர்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள். அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது தயங்கினாலும் இந்தக் கடமை உங்களை விட்டுப் போகாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தையின் பெயரை வீட்டிலோ டீக்கடையிலோ சொல்லக் கூடாது.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

வேண்டாம். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மிட்டாய், நோட்டு, பென்சில் வாங்கிப் போகலாமா?

நீங்கள் பார்க்கும் நாலு பேருக்கு மட்டும் கொடுத்தால் மற்ற இருபத்தாறு பேரின் முகத்தைப் பார்க்க முடியாது. கொடுப்பதென்றால் எல்லோருக்கும், டீச்சர் கையால். வாராவாரம் எதுவும் கொண்டுபோகாதீர்கள், வருகிறவர் கையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். பெரிய தொகையோ பொருளோ தர நினைத்தால் தலைமை ஆசிரியர் வழியாக, ரசீதோடு. அரசே 2022இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டம் அதற்கென்றே இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் இருக்கலாமா?

இருந்தால் நல்லது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. சமைப்பவர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவினர். மத்தியானச் சத்துணவுக்குத் தனி ஆட்கள். சமையலறை அவர்கள் ராஜ்ஜியம், உள்ளே போய் உப்பு பார்க்க வேண்டாம். கை கழுவும் இடத்தில் நின்று சின்னவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், முட்டை உரிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு உரித்துக் கொடுங்கள். கூப்பிட்டால் நீங்களும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்தப் பிள்ளை யாரோடு உட்காருகிறது, யார் சாப்பிடாமல் மூடி வைக்கிறது என்பதெல்லாம் வகுப்பறையைவிட அங்கே நன்றாகத் தெரியும்.

என் பிள்ளையே அந்த வகுப்பில் இருந்தால்?

முடிந்தவரை வேறு வகுப்பைக் கேளுங்கள். ஈராசிரியர் பள்ளியில் அது முடியாது. அப்படியென்றால் உங்கள் பிள்ளை உங்கள் குழுவில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "அம்மா" என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், மற்ற பிள்ளைகளும் சேர்ந்து அம்மா என்பார்கள். வகுப்பில் அவள் அடுத்தவள் பென்சிலை எடுத்ததைப் பார்த்திருந்தால் வீட்டில் அதற்கு விசாரணை வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், மற்ற பிள்ளைகளின் நிலவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் அம்மாக்கள் உங்கள் அக்கம்பக்கம்தான். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்பார்கள். "டீச்சரைக் கேளுங்கக்கா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

டீச்சர் சொல்லித்தருவதே தவறாகத் தெரிந்தால்?

பிள்ளைகள் முன்னால் வாய் திறக்காதீர்கள். பல நேரம் நமக்குத்தான் புரிந்திருக்காது. பழைய முறையில் நாம் படித்ததைச் சரி என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். உண்மையிலேயே தவறு என்றால் இன்டர்வெல்லில் தனியாக, கேள்வியாகக் கேளுங்கள். முப்பது பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கிறவருக்கும் வாரம் ஒரு மணி நேரம் வந்து போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் குரலில் தெரிய வேண்டும்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, என்ன வாசித்தது, எங்கே தடுக்கியது, இவ்வளவுதான். மதிப்பெண் வேண்டாம். வாராவாரம் பார்த்தால் எதுவும் நகராதது போலவே இருக்கும். பொங்கலுக்குப் பிறகு ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சில குழந்தைகளுக்கு அப்போதும் பெரிதாக மாறியிருக்காது. பாதி நாள் பள்ளிக்கே வராத குழந்தைக்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போய்விடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்க அந்த நோட்டு உதவும்.

நிறுத்த வேண்டி வந்தால்?

ஏப்ரலில் ஆண்டு முடியும்போது நிறுத்துவது எல்லோருக்கும் சுலபம். நடுவில் என்றால் ஒரு மாதம் முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் நேராகச் சொல்லுங்கள், எப்போது கடைசி நாள் என்று. சொல்லாமல் நின்றுவிட்டால் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பதில் வர யாராவது இருந்தால் கடைசி இரண்டு வாரம் கூடவே அழைத்துப் போங்கள். தலைமை ஆசிரியர் அவரையும் ஆதார் நகல் கேட்பார், முன்பே சொல்லிவையுங்கள். நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம்.